இரண்டாவது பென்சில்

போன வருஷம் தீபாவளி முடிந்து இரண்டு மூன்று வாரம் இருக்கும். பினாங்கு, ஆயர் ஈத்தாமில் நண்பர் ஒருவரின் வீட்டு முன்பக்கத்தில் நடந்தது இது. அது காடி, அதாவது கார், நிறுத்தும் இடம்தான். ஆனால் சனிக்கிழமை வந்தால் அவருடைய காடி வெளியே வெயிலில் காயும், நிழலில் எங்கள் மர வேலை நடக்கும்.

எங்கள் என்றால் மூன்று பேர். மூன்று பேரும் வேலையை விட்டு ஓய்வு பெற்றவர்கள். வீட்டுக்காரர் துறைமுக அலுவலகத்தில் இருந்தவர். நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்தவன். மூன்றாமவர் தமிழ்ப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். எங்களுக்கு அவர் வாத்தியார். வயதிலும் எங்களுக்கு மூத்தவர்.

வெள்ளிக்கிழமை மாலையே வாட்ஸப்பில் திட்டம் வந்துவிடும். ஒருவர் செருப்பு அலமாரி என்பார், ஒருவர் கோவிலுக்குப் பெஞ்சு என்பார். பாதி நடக்கும், பாதி பேச்சோடு போய்விடும். நான் ஒரு ஸ்டூல் செய்தேன். ஆடுகிறதே என்று காலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து அறுத்துக் கடைசியில் அது மணையாகிவிட்டது. அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரிப்பு எல்லாம் இருந்தாலும் வீட்டுக்காரரிடம் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பலகையையும் மேசை ரம்பத்தில் வைப்பதற்கு முன் இரண்டு பேர் அளக்க வேண்டும். அறுக்கப் போகிறவர் கறுப்புப் பென்சிலில் கோடு போடுவார். இன்னொருவர் தனியாக, முதலில் இருந்து அளந்து பார்த்து, சரியாக இருந்தால் சிவப்புப் பென்சிலில் பக்கத்தில் ஒரு ரைட் போடுவார். சிவப்பு இல்லாமல் ரம்பம் ஓடாது. வயசான கண்கள், வயசான கைகள், வேறு வழியில்லை என்பார். எனக்கு இந்தச் சட்டம் உள்ளுக்குள் பிடிக்காது. மயிரிழை அளவு பார்த்து இயந்திரம் சரி செய்தவனுக்கு இன்னொருவர் ரைட் போட வேண்டுமா என்று ஒரு திமிர்.

அந்த வாரத் திட்டம் வாத்தியாருடையது. அவர் மனைவி இறந்து வருஷம் ஆகப்போகிறது. திதிக்கு முன் அந்த அம்மாவின் படத்தையும் விளக்கையும் வைக்க சுவரில் மாட்டும் ஒரு தட்டு செய்ய வேண்டும் என்றார். அதற்குப் பலகையும் கொண்டுவந்திருந்தார். செங்கால் மரம், இரும்பு மாதிரி கனம். அந்த அம்மா தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர் எடுத்துச் சுட்டுக்கொடுப்பவர். வருஷா வருஷம் முறுக்குப் பிழிந்து அடுக்கியது அந்தப் பலகையில்தான். ஒரு தடவை சூடான சட்டியை அதன் மேல் இறக்கி வைத்துவிட்டார். வட்டமாகக் கருகிய தடம் அப்படியே இருந்தது. அதை இழைத்து எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. அது நடுவுல வரணும். விளக்கு அதுமேலதான்," என்றார் வாத்தியார்.

தட்டு தொண்ணூறு சென்டிமீட்டர். அவர் கைக்கு அந்தக் கனம் முடியாது என்பதால் அறுக்கும் பொறுப்பு எனக்கு. காலையில் இருந்து சின்னத் துண்டுகளை எல்லாம் நான் அளந்து கோடு போட, அவர் அளந்து சிவப்பு ரைட் போட்டுக்கொண்டே இருந்தார். தட்டைத் தாங்கும் மரச்சட்டம் தயாராகிவிட்டது. பெரிய பலகையின் ஒரு முனையை முறைப்படி அறுத்தாகிவிட்டது. இன்னொரு முனைதான் பாக்கி. அப்போது வீட்டுக்காரர் ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு வரக் கடைக்குப் போனார். வாத்தியாருக்குக் கோலாலம்பூரில் இருந்து மகளின் போன் வந்தது, அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.

கவிழ்த்துப் போட்டிருந்த பலகையில் நான் அளந்தேன். எங்கள் டேப்பின் நுனியில் இருக்கும் கொக்கி ஆடும், அதை நம்ப முடியாது. அதனால் பலகையின் ஓரத்தில் டேப்பின் பத்தாம் எண்ணை வைத்துத்தான் அளப்போம். தொண்ணூறு வேண்டும் என்றால் நூறில் கோடு போட வேண்டும். மர வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஒரு நாளாவது இதில் மாட்டியிருப்பார்கள். நான் பத்தை ஓரத்தில் வைத்தேன், கோட்டைத் தொண்ணூறில் போட்டேன்.

இரண்டாவது ஆள் அளந்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். வாத்தியார் போனை வைப்பதாகத் தெரியவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. மேசையில் கிடந்த சிவப்புப் பென்சிலை எடுத்து, கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நானே ஒரு ரைட் போட்டேன். வீட்டுக்காரர் வந்து கேட்டால் காட்ட வேண்டுமே, அவ்வளவுதான் என் எண்ணம்.

ரம்பத்தை ஓட்டும்போது வாத்தியார் ஓடி வந்தார். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டார். அறுத்து முடித்தோம். பலகையைத் தூக்கிச் சட்டத்தில் வைத்தோம். ஒரு பக்கம் எட்டவில்லை. கருகிய வட்டம் நடுவில் இல்லாமல் ஒதுங்கி நின்றது.

வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். பொட்டலங்களைக் கீழே வைத்துவிட்டு வெட்டுத் துண்டைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்தில் சிவப்பு ரைட் இருந்தது.

"ரைட் இருக்கே. யாரு செக் பண்ணது?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாத்தியார் பேசினார். "நான்தான் போட்டிருப்பேன். செக் பண்ண இங்க வேற யாரு இருந்தா?" என்றார். பிறகு மெதுவாக, "போட்டது நெனப்பே இல்லையே," என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். நான்தான் போட்டேன் என்று ஒரு வார்த்தை. நான் சொல்லவில்லை. தலையைக் குனிந்து மேசையில் இருந்த மரத்தூளைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். வெட்கம்தான். தப்பாக அளந்ததுகூடப் பெரிதில்லை. அறுபத்தாறு வயதில் திருட்டு ரைட் போட்டேன் என்று எப்படிச் சொல்வது?

மரத்துக்கு அன்றைக்கே வழி கிடைத்தது. "வெட்டுத் துண்டுலயே பத்து சென்டிமீட்டர் எடுத்து ஒட்டிக்கலாம் லா, ஒரு கோடுதான் தெரியும்," என்றார் வீட்டுக்காரர். அப்படியே பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டோம். வட்டம் மறுபடியும் நடுவுக்கு வந்தது. வாத்தியார் ரொட்டி சானாயைத் தொடவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்பினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மனைவி போன பிறகு வாத்தியாருக்கு மறதி வந்துவிட்டதோ என்று அவர் மகளுக்குப் பயம். ஒரு நாள் அவர் ஆயர் ஈத்தாம் பசாருக்குக் காடியில் வந்து, காய்கறி வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். காடி மாலை வரை பசாரிலேயே நின்றது. நாங்கள் கேலி செய்தோம். மகள் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. தனியாக இருக்க வேண்டாம், பாயான் பாரு வீட்டை விற்றுவிட்டுக் கோலாலம்பூர் வந்துவிடுங்கள் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாத்தியார் மறுத்துக்கொண்டே இருந்தார். மனைவியோடு வாழ்ந்த வீடு அது. அன்றைக்கு வந்த போனும் அதைப் பற்றித்தான். இதெல்லாம் தெரிந்தும்தான் நான் மரத்தூளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை வீட்டுக்காரர் போன் செய்தார். முந்தின நாள் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். வாத்தியார் தன் இழைப்புளி, உளி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டாராம். "இனிமே வரலயாம். திதி முடிஞ்சதும் வீட்ட வித்துட்டு மககிட்டயே போறேன்னு சொல்லிட்டாரு. கேட்டா, அன்னிக்கே தெரிஞ்சுபோச்சுங்கிறாரு," என்றார்.

அன்றிரவு மனைவியிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலையில் பாயான் பாருவுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவர் இளைத்துப்போயிருந்தார். உள்ளே போனதும் சுவரைப் பார்த்தேன். கேஸ் அடுப்புக்கு மேலே ஒரு தாள், "அடைத்தாயா?" கதவில் ஒரு தாள், "சாவி". குழாய்க்குப் பக்கத்தில் ஒரு தாள். காலண்டருக்குக் கீழே மகளின் போன் நம்பர், பெரிய எழுத்தில். எல்லாம் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி அழகான, நேரான கையெழுத்து. உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் லேசாகச் சிரித்தார்.

"நல்ல மனசு தம்பி உங்களுக்கு. கெழவன் மனசு ஒடஞ்சிரக் கூடாதுன்னு பழிய உங்க தலைமேல போட்டுக்கிறீங்க. வேணாம்."

அவர் நம்பவில்லை. நான் என்ன சொன்னாலும் அது அவருக்கு ஆறுதல் பேச்சாகவே பட்டது. சத்தியம் செய்தேன். "சரி, சரி" என்று குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி சொன்னார். ஐந்து நாள் சொல்லாமல் வைத்திருந்த உண்மை, சொன்னபோது விலை போகவில்லை. அந்த நிமிஷம் நான் பட்ட பாட்டை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் மூலையில் சாத்தியிருந்த தட்டு கண்ணில் பட்டது. இன்னும் சுவரில் மாட்டவில்லை. வீட்டுக்காரர் மேல்பக்கத்தை மட்டும்தான் தேய்த்து மெருகு போட்டிருந்தார். ஓடிப்போய்த் திருப்பினேன். ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அந்தச் சிவப்பு ரைட் அழியாமல் இருந்தது. சட்டத்தின் துண்டுகளில் அவர் போட்ட ரைட்டுகளும் இருந்தன.

"உங்க கண்ணாடியப் போட்டு இதப் பாருங்கண்ணே," என்றேன்.

படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். அவர் ரைட்டுகள் எல்லாம் நோட்டுப் புத்தகம் திருத்தும் ரைட்டுகள். சின்னதாக இறங்கி, வால் நீளமாக மேலே ஓடும். நான் இடது கைக்காரன். என் ரைட் குட்டையாக, வேறு பக்கம் சாய்ந்து கிடந்தது. ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தார். அடுத்ததையும் தடவினார். திரும்பவும் முதலில் இருந்து பார்த்தார்.

"இது என் ரைட் இல்ல," என்றார்.

அவர் எழுந்திருக்காமலேயே பேசினார். "அஞ்சு நாளா ராத்திரியில எழுந்து எழுந்து அடுப்பப் பாத்துட்டு வரேன். அவ பேரு, பிள்ள பேரு, வீட்டு நம்பர் எல்லாம் காலையில ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிறேன். வகுப்புல ஒருத்தன் தப்புப் பண்ணிட்டு கம்முனு இருப்பான், பக்கத்துல இருக்கிறவன் முழிப்பான். மூஞ்சியப் பாத்தே எவன்னு சொல்லிருவேன். உங்க மூஞ்சிய நான் பாக்கவே இல்லையே தம்பி."

அழுதது நான்தான். அவர் என்னைத் தேற்றவில்லை. தட்டைப் பத்திரமாகச் சுவரோடு சாத்திவிட்டு, "இப்ப நீங்க போங்க. நான் மககிட்டப் பேசணும்," என்றார்.

அதற்கடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. வீட்டுக்காரரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிவப்புப் பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

திதிக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார் வாத்தியார். சுவரில் தட்டு இருந்தது. படத்துக்கு முன்னால், கருகிய வட்டத்தின் மேல் கச்சிதமாக விளக்கு எரிந்தது. ஒட்டுப் போட்ட கோடு, தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது. மகளும் வந்திருந்தார். டாக்டரிடம் காட்டியதாகவும், வயதுக்கு உரிய மறதிதான் என்று அவர் சொன்னதாகவும் சொன்னார். வீட்டை விற்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. சுவரில் இருந்த தாள்களில் அடுப்புத் தாள் மட்டும் மிச்சம். நான் அதைப் பார்ப்பதை வாத்தியார் பார்த்துவிட்டார்.

"அது இருக்கட்டும் லா. வயசு ஆச்சுல்ல," என்றார். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு என்னோடு அவர் பேசிய முதல் பேச்சு அது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை வாட்ஸப்பில் அவர் திட்டம் வந்தது. பேத்திக்குப் படிப்பு மேசை. மறுநாள் வந்து தன் இழைப்புளிப் பெட்டியை வீட்டுக்காரரிடம் திருப்பி வாங்கிக்கொண்டார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போதும் மேசை ரம்பத்தில் அறுப்பது நான்தான். கறுப்புக் கோடு போட்டதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொள்வேன். வாத்தியார் மெதுவாக வருவார், கண்ணாடியை மாற்றுவார், பத்தில் இருந்து அளப்பார், கூட்டிப் பார்ப்பார், வால் நீண்ட ரைட்டைப் போடுவார். எவ்வளவு நேரம் ஆனாலும் நான் வாயைத் திறப்பதில்லை. மரத்தில் நான் குறைத்த பத்து சென்டிமீட்டரை அன்றைக்கே ஒட்டிவிட்டோம், ஆனால் வாயைத் திறக்காமல் நின்ற அந்தச் சில விநாடிகளில் ஒரு மனிதர் தன் மூளையையே சந்தேகிக்கும்படி விட்டேனே, அந்த நினைப்பு அவர் ஒவ்வொரு தடவை சிவப்புப் பென்சிலைக் கையில் எடுக்கும்போதும் எனக்கு வருகிறது, வரட்டும் என்றுதான் நானும் இருக்கிறேன்.