முடிச்சுப் போட்ட முகக்கவசம்

பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன், வேலை முடிந்து வரும் என் அண்ணி முன்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை. அவர் நர்ஸ். பின்பக்கம் போய்க் குளித்து, உடை மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தொடுவார். அப்படிப்பட்டவருக்குத் தொற்று வந்தபோது, "வீட்டில் ஒட்டிக்கொண்டது" என்று மேலதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்தார், முகக்கவசம் வழங்கும் மருத்துவமனை ஸ்டோர்காரர்.

நான் அங்கேதான் துப்புரவு வேலை பார்க்கிறேன். அண்ணிக்குச் சின்ன முகம். முகக்கவசம் நழுவாமலிருக்க எலாஸ்டிக்கின் இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டுக்கொள்வார். அன்று ஸ்டோர்காரர் ஒட்டிய உறையில் 'புதிது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒன்றைக் கொடுத்தார். மூச்சுத் திணறிய நோயாளியிடம் ஓடும் அவசரத்தில் அண்ணி அதை மாட்டிக்கொண்டார். கழற்றும்போதுதான் அதில் ஏற்கெனவே முடிச்சு இருந்ததைக் கவனித்தார்.

"இன்னைக்கு நான் முடிச்சே போடலையேடி. இது மூணு நாள் முன்னாடி நான் குப்பையில போட்டது!"

ஐந்தாம் நாள் காய்ச்சல். பதினொரு நாள் ஆக்சிஜன். கவசத்தை மட்டும் உறையோடு பத்திரப்படுத்த என்னிடம் சொல்லியிருந்தார்.

"விடுங்க அண்ணி, அவங்க பெரிய இடம்," என்றேன்.

"பாம்பை வாலில அடிச்சு விட்டா சும்மா போகுமா? தலையிலதான் அடிக்கணும்."

அண்ணி கொடுத்த புகாரை விசாரிக்க மூன்று அதிகாரிகள் வந்தார்கள். கதவோரம் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி உறையை மேஜையில் ஸ்டோர்காரர் முன்னால் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

"ஆமாம்மா. புத்தம் புதுசு. எங்கிட்ட தப்பே நடக்காது."

"அப்போ போட்டுக்கோங்க. உங்க முகம் பெருசு, முடிச்சை நானே அவுத்துத் தரேன்."

சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கவசத்தை நீட்டியதும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"புதுசுன்னா போடுங்களேன்," என்றார் ஓர் அதிகாரி.

"ஐயோ, அது வார்டு குப்பையில கிடந்ததுங்க!"

அண்ணி அந்த முகத்தையே ஆசை தீரப் பார்த்தார். பதினொரு நாள் காத்திருந்த பார்வை அது. எனக்கும் மனசு குளிர்ந்தது, மறைக்க மாட்டேன்.

ஸ்டோர்காரர் புதிய கவசங்களைத் தனக்கு வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, குப்பையிலிருந்து எடுத்ததை உறையில் போட்டு நர்ஸுகளுக்குத் தந்திருக்கிறார். அவர் வேலை போய்விட்டது. போலீஸ் வழக்கும் நடக்கிறது. புகாரைத் திரும்ப வாங்கச் சொல்லி அவர் மனைவி இரண்டு முறை வந்து அழுதுவிட்டுப் போனார். அண்ணி தண்ணீர் கொடுத்தார், பதில் கொடுக்கவில்லை. இன்றும் இரண்டாம் மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். புகாரைத் திரும்ப வாங்கவில்லை.