புளி போட்டுத் தேய்த்த ஈயக் குண்டுகள்

பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையில் தேறிய கையோடு எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம், மண்ணில் கிடப்பதைப் பார்த்து எழுதுவது. பாளையக்காரர்களும் கும்பினிப் பட்டாளமும் மோதிய பழைய கரிசல் காடு ஒன்றில் துரை ஒருவர் அந்தக் காலத்துத் துப்பாக்கிக் குண்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார். கூலியாட்கள் மண்ணைச் சலிப்பார்கள். ஈயக் குண்டு அகப்பட்டால், வரப்பிலிருந்து எத்தனை அடி என்று நான் அளந்து ஒரு காகிதத்தில் எழுதி, அதிலேயே குண்டைப் பொட்டலம் கட்ட வேண்டும். குண்டு கிடந்த இடத்தை வைத்துத்தான் யார் எங்கே நின்று சுட்டார்கள் என்று சொல்ல முடியும் என்பார் துரை. பிற்காலத்து வேட்டைக்காரர்கள் விட்டுப்போன பித்தளைத் தோட்டாக் கூடுகளுக்குத் தனிப் பொட்டலம்.

ஒரு மாதத்து வேலை. என் வேலை தமக்குப் பிடித்திருந்தால் அடுத்த ஊருக்கும் கூட்டிப் போவதாகத் துரை சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எப்படியாவது அவரோடு போய்விட வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தையும் முத்து முத்தாக எழுதினேன்.

மூன்றாவது வாரம் ஆழ்வார்திருநகரியிலிருந்து அம்மா வண்டி பிடித்து வந்துவிட்டாள், ஒரு பானை அதிரசத்தோடு. பொட்டலங்களை அடுக்கி வைத்திருந்த புளியமரத்தடிக் கூடாரத்தில் அவளை உட்கார வைத்துவிட்டுக் காட்டுக்குப் போனேன். மதியம் துரையோடு திரும்பினால், சுளகு நிறையக் குண்டுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. தோட்டாக் கூடுகள் தங்கம்போல மின்னின. அம்மா சாம்பல் கையோடு நிமிர்ந்தாள்.

"எய்யா, இம்புட்டு அழுக்கோடயா துரை கையில கொடுப்ப? பிள்ளைய வளத்த லெச்சணத்தப் பாருன்னு சொல்ல மாட்டாரா? புளி போட்டுத் தேச்சிட்டேன்."

"பொட்டலக் காயிதமெல்லாம் எங்கம்மா?"

"எழுத்த மிதிக்கக் கூடாதுல்லா. அங்கன கல்லுக்கு அடியில அடுக்கி வச்சிருக்கேன். ஒண்ணு கிழியல."

உண்மைதான், ஒன்றுகூடக் கிழியவில்லை. எந்தக் காகிதம் எந்தக் குண்டுக்கு என்பதுதான் இனி யாருக்கும் தெரியாது.

யார் செய்தது என்று துரை இங்கிலீஷில் கேட்டார். கூலியாள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. "என் அம்மா" என்றேன். அவர் ஒரு குண்டை எடுத்து உருட்டிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி அம்மாவுக்குத் தலை வணங்கினார்.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இன்னும் இருந்தா எடுத்துத் தரச் சொல்லுலே, பொழுது சாயுததுக்குள்ள தேச்சிப்புடுதேன்" என்றாள்.

"என்ன சொல்கிறார்கள்?" என்றார் துரை.

"உங்கள் சுகத்தை விசாரிக்கிறாள்" என்றேன்.

சாயங்காலம் வரை குண்டுகளோடு மல்லுக்கட்டினேன். தட்டையாய் நசுங்கியது ஒன்று, பிளந்தது ஒன்று என்று நாலைந்துக்குத்தான் இடம் நினைவுக்கு வந்தது. மற்றவற்றுக்கெல்லாம் 'இடம் தெரியவில்லை' என்று புதுக் காகிதத்தில் எழுதிப் பொட்டலம் கட்டினேன். துரை கோபப்படவில்லை. மாத முடிவில் மட்டும், அடுத்த ஊரில் தானே எழுதிக்கொள்ளப் போவதாகச் சொன்னார்.

ஊருக்கு வந்த மறுநாள், கிணற்றடியில் அம்மாவின் குரல் கேட்டது.

"மத்தவன்னா வருசக்கணக்கா இழுப்பான். எம்மவன் ஒரே மாசத்துல முடிச்சிட்டான். நானும் கூடமாட ஒத்தாச பண்ணுனேன். துரை தொப்பியக் கழத்தி எனக்குக் கும்பிடு போட்டாருல்லா!"

பக்கத்து வீட்டு அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை. வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "நெசமாவாலே?" என்றாள்.

அம்மாவும் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நெசந்தான் அத்தை," என்றேன். "கழத்தினாரு."