கடலுக்குப் போகாத எண்ணெய்

பள்ளிவாசல்துறையில் யார் வீட்டுத் தாச்சியில் எத்தனை தரம் பொரித்த எண்ணெய் கிடக்கிறது என்று கேட்டால், வீட்டுக்காரிக்கு முந்தி றம்லாதான் பதில் சொல்லுவாள். கல்யாண வீடு, இறந்தவருக்குக் கத்தம் ஓதுகிற வீடு, சந்தியிலுள்ள மூன்று சாப்பாட்டுக் கடை, ஒன்றையும் விடமாட்டாள். பந்தி முடிய முன்னமே கேனோடு போய்ப் பின்பக்கம் நிற்பாள்.

"ஊரெல்லாம் புரியாணிக்கு வருது, இவ மட்டும் சட்டி வழிக்க வாறா," என்று அடுத்த வீட்டுப் பஸீனா சிரிப்பாள்.

சேர்த்த எண்ணெயை றம்லா விற்கவுமில்லை, கொட்டவுமில்லை. வீட்டுக்குப் பின்னால் நீலப் பீப்பாய்களில் ஊற்றி மூடி வைத்தாள். ஒன்று, இரண்டு என்று ஏறி, கடைசியில் ஏழு பீப்பாய். ரோல்ஸும் பற்றிஸும் பொரித்துக் கடைகளுக்குக் கொடுத்து ஒரு மகளை வளர்க்கிறவளுக்கு இது என்ன வேலை என்று ஊர் யோசித்தது. பிறகு, கடல் கொண்டுபோனவனின் பெண்சாதிதானே, அவளுக்கு என்னமோ பிடித்திருக்கிறது, விட்டுவிடுங்கள் என்று விட்டுவிட்டது.

பிடித்திருந்தது உண்மை. எது பிடித்தது என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

ஊருக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆடி மாசம், மண்ணெண்ணெய்க்கு நாடே வரிசையில் நின்ற காலம். றம்லாவின் புருசன் ஜப்பார் மூன்று கிழமை படகு இறக்காமல் இருந்துவிட்டு, பக்கத்து ஊர் இன்னாசித்தம்பியிடம் ஏழு லீற்றர் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போனான். முருகைக்கல் பாரைத் தாண்டின பிறகு தம்பி றிஸ்கானுக்குப் போன் எடுத்தான். "எஞ்சின் நிண்டிட்டு. ஆறினாப் பிறகு ஸ்டார்ட் வருதில்ல," என்றான். அதோடு லைன் அறுந்தது. சோளகக் காற்று அன்றைக்குப் பேயாய் அடித்தது. படகும் வரவில்லை, கரை ஒதுங்கி மய்யித்தும் வரவில்லை. எந்த நாளிலிருந்து புருசன் இல்லாதவளுக்கான இத்தா இருப்பது என்று தெரியாமல் றம்லா வாசலிலேயே நாலு மாதம் கடத்தினாள்.

இன்னாசித்தம்பி மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்தான் என்று றிஸ்கான் சொன்னான். ஊர் நம்பியது. இன்னாசித்தம்பியின் எஞ்சின் சாமான் கடையில் பிறகு ஒரு பிளக் வாங்கக்கூட ஆள் ஏறவில்லை. கடையைப் பூட்டிவிட்டு அந்த மனுசன் சைக்கிள் வியாபாரத்தில் இறங்கினார்.

ஊருக்குத் தெரியாதது இது. ஏழு லீற்றர் பாருக்கு அப்பால் போய்வரக் காணாது. அந்த நாளில் கரண்ட் இல்லாத இரவுகளில் றம்லா ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் திரி போட்டு விளக்கு ஏற்றினாள். நன்றாகத்தான் எரிந்தது. அதைக் காட்டி, "இதுவும் எரியிற எண்ணெய்தானே, கலந்து கொண்டு போங்களேன்," என்று சொன்னது அவள். ஜப்பார் யோசித்தான். அவள்தான் பழைய துப்பட்டியை மடித்து வடிகட்டினாள். நாலு போத்தல். தன் கையால் டாங்கியில் ஊற்றினாள்.

அன்று தொட்டுக் கடலில் எங்கேயாவது ஒரு எஞ்சின் சத்தம் நின்றால், அவள் கையில் இருக்கிற அகப்பையும் நிற்கும். மறுபடி சத்தம் கேட்டால்தான் அது அசையும். ஊரில் இனி ஒரு துளி பழைய எண்ணெயும் தன் கண்ணுக்குத் தப்பி ஒரு படகுக்குள் போய்விடக் கூடாது. பீப்பாய்களின் கதை அதுதான்.

உடப்பு ஊரிலிருந்து மயூரதி என்ற பிள்ளை பெண்கள் சங்கத்துக்குத் தொழிற்பயிற்சி கொடுக்க வந்தாள். ரசாயனம் படித்தவள். பீப்பாய்களைக் கண்டதும் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

"அக்கா, இது என்ன? ஒரு பக்டரியையே வீட்டுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கிறீங்க!"

றம்லா சிரிக்கவில்லை. "இத ஒரேயடியா வேற ஒண்டா மாத்த ஏலுமா?" என்றுதான் கேட்டாள்.

அப்படித் தொடங்கியதுதான் எட்டுப் பெண்களின் எண்ணெய்த் தொழில். பஸீனா தலைவி. எண்ணெயைச் சூடாக்கித் தண்ணீர் போக்குவது, மருந்துக் கலவை விட்டுக் கிண்டுவது, அடியில் படிகிற கறுப்புக் களியை இறக்குவது, தண்ணீரால் கழுவி வெயிலில் தெளிய வைப்பது, எல்லாவற்றையும் மயூரதி காட்டிக் கொடுத்தாள். கடைசியில் ஒரு சோதனை. கண்ணாடிப் போத்தலில் மெதனோல் எடுத்து, செய்த எரிபொருளில் கொஞ்சம் விட்டுக் குலுக்க வேண்டும். முழுதாக மாறியிருந்தால் கரைந்துவிடும். மாறாத எண்ணெய் இருந்தால் அடியில் ஒரு துளி நிற்கும்.

மற்றவர்கள் ஒரு தரம் பார்த்தார்கள். றம்லா ஒவ்வொரு கேனுக்கும் மூன்று தரம் பார்த்தாள். போத்தலை வெயிலுக்குப் பிடித்து அடியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். எல்லோருக்கும் தெளிவாய்த் தெரிவது அவளுக்கு மட்டும் தெளியாது.

"அதுக்குள்ள என்ன, சந்திரப் பிறையா தேடுறீங்க? இறக்கி வைங்க," என்பாள் பஸீனா.

டீசல் எஞ்சினுக்குத்தான் இது, படகுகளில் பூட்டுகிற மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு ஆகாது, சூட்டில் ஓடினாலும் ஆறினால் ஸ்டார்ட் வராது என்று மயூரதி முதல் நாளே சொன்னாள். றம்லா அதை அன்றைக்கே எல்லோரையும் மூன்று தரம் சொல்ல வைத்தாள்.

பெண்கள் எண்ணெய் காய்ச்சுகிற கொட்டிலுக்குப் பழைய எண்ணெய் கொண்டுவருகிறவர்களில் இன்னாசித்தம்பியும் ஒருவர். வியாழக்கிழமைகளில் கடற்கரை ஹோட்டல்களில் சேர்த்த கேன்களைச் சைக்கிளில் கட்டி வருவார். றம்லா அவர் முகத்தைப் பார்க்கமாட்டாள். ஆனால் காசோடு ஒரு பையில் நாலு ரோல்ஸ் எப்போதும் இருக்கும்.

"ஏன் தங்கச்சி எனக்கு மட்டும் இது?" என்று ஒரு தரம் கேட்டார். றம்லா காசைத் திரும்ப எண்ணினாள். அவரே தொடர்ந்தார்: "நான் தண்ணி கலக்கேல்ல, மாதா சத்தியமா. ஆனா எனக்குத் தந்தவன் கலந்தானோ எண்டு தெரியா. அந்த டின்ன மோந்தாவது பாத்திருக்கலாம்."

அன்றிரவு றம்லா தன் பங்குச் சோற்றை மகளின் கோப்பையில் போட்டுவிட்டு எழும்பினாள்.

முதல் எரிபொருளைப் பஸீனாவின் புருசனின் லேண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் ஊற்றினார்கள். அதுவும் ஒரு வியாழக்கிழமை. எஞ்சின் இருமி, பிடித்து, ஓடியது. பெண்கள் கை தட்டினார்கள். புகை பரவ, கொட்டில் முழுக்கப் பொரித்த வாசம். சுடச்சுட வடை போட்ட மாதிரி.

"மாஷா அல்லாஹ்! வண்டி பின்னால ஒரு பிளேன்டிக் கோப்பையோட போகலாம்," என்றாள் பஸீனா.

சத்தம் கேட்டுக் கரையிலிருந்து றிஸ்கான் வந்தான். கையில் வெறும் கேன்.

"மதினி, பத்து லீற்றர் தாங்க. மண்ணெண்ணெயோட பாதிக்குப் பாதி அடிச்சா என்ட எஞ்சினும் ஓடும். நம்மட பொடியன்மார் அஞ்சு பேர் என்னப் பாத்துத்தான் நிக்கிறாங்க."

"இது கடலுக்கு இல்ல."

"கொடுத்துத்தான் பாப்பமே, றம்லா," என்றாள் பஸீனா. "கொஞ்சமாக் கலக்கிறதுதானே?"

வேலிப் பக்கம் இன்னாசித்தம்பி கேன்களை அவிழ்த்துக்கொண்டு நின்றார். றிஸ்கான் அவரைக் கண்டான். குரலை உயர்த்தினான்.

"கண்டவன்ட கள்ளத் தண்ணிய ஊத்தி என்ட கூடப்பிறந்த நானாவக் காவு குடுத்தம். அதவிட உங்கட கையால செஞ்சது மேல், மதினி."

இன்னாசித்தம்பி தலையை நிமிர்த்தவில்லை. கயிற்றை அவிழ்த்த கை மட்டும் மறுபடி அதே கயிற்றைக் கட்டத் தொடங்கியது.

றம்லா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு எஞ்சினை நிறுத்தச் சொன்னாள்.

"என்ட கையாலதான் ஊத்தினேன், றிஸ்கான். அண்டைக்கும்."

"எண்டைக்கு?"

"உங்கட நானா போன அண்டைக்கு. நாலு போத்தல். ரோல்ஸ் பொரிச்ச எண்ணெய். நான்தான் கலக்கச் சொன்னேன். நான்தான் வடிச்சேன். இவர்ட மண்ணெண்ணெயில ஒண்டும் இருக்கேல்ல."

பஸீனாவின் வாய் திறந்தபடியே இருந்தது. றிஸ்கான் புகை இன்னும் தங்கியிருந்த இடத்தைப் பார்த்தான். மூக்கைச் சுருக்கினான். பிறகு அவன் முகம் மெல்ல மெல்லக் கறுத்தது.

"படகத் தள்ளிவிட்டது நான்," என்றான், தனக்குத்தானே சொல்லுகிற மாதிரி. "எஞ்சின் பிடிச்சோடன வடை மணந்திச்சு. 'என்ன நானா, மதினி சாப்பாடும் கட்டித் தந்தவவோ?' எண்டு கேட்டேன். அவர் சிரிச்சார்."

வெறும் கேனை மணலில் வைத்துவிட்டு நடந்தான்.

இன்னாசித்தம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னப் பிள்ளை கேட்கிற குரலில் கேட்டார்: "அப்ப… என்ட டின்னில ஒண்டும் இருக்கேல்லயா, தங்கச்சி?"

"இல்ல, அண்ணன்."

"மூண்டு வருசமா," என்றார். எண்ணெயை இறக்காமலே சைக்கிளைத் திருப்பினார்.

அடுத்த வியாழன் அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மதினி என்று றிஸ்கான் பிறகு கூப்பிடவுமில்லை. ஆனால் ஒரு காலையில் சிவப்புப் பெயின்ற் டின்னோடு கொட்டிலுக்கு வந்தான். யாரோடும் கதைக்காமல் குந்தியிருந்து, பதினொரு கேன்களிலும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினான்: கடலுக்கு இல்லை. எழுதிவிட்டுப் பக்கத்து ஊருக்குப் போனான். இன்னாசித்தம்பி குடியிருக்கும் பூட்டின கடை வாசலில் ஒரு மணித்தியாலம் நின்றதாகப் பிறகு சொன்னார்கள். கதவு திறந்ததா, என்ன கதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாம் வியாழன் சைக்கிள் வந்தது. இன்னாசித்தம்பி கேன்களை இறக்கினார், காசை வாங்கினார். றம்லா ரோல்ஸ் பையை நீட்டினாள்.

"இனி வேண்டாம், தங்கச்சி," என்றார். கோபமில்லை. கடன் தீர்ந்த குரலுமில்லை. இந்த முறை றம்லா அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

அன்று அசர் தொழுகைக்குப் பிறகு கடல் காற்று எழும்பியது. றம்லா போத்தலை வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடியில் துளி இல்லை. முதல்முறையாக அவள் கண்ணுக்கும் இல்லை. அப்போதுதான் அந்த வாசம் வந்தது. சுடச்சுடப் பொரித்த வாசம்.

"பஸீனா, வண்டி ஓடுதா?"

"எங்க ஓட? சில்லுக் கழட்டி முத்தத்தில கிடக்கு."

"வடை மணக்குதே."

"உங்கட உடுப்புத்தான் மணக்குது. நாலு தரம் தோய்ச்சாலும் போகாது."

றம்லா போத்தலை வைத்துவிட்டுக் கொட்டிலுக்குள் போனாள். ஒவ்வொரு கேனாகத் தொட்டு எண்ணினாள். சிவப்பு எழுத்தோடு பதினொன்று. ஒன்றும் குறையவில்லை. பள்ளிவாசல்துறையிலிருந்து ஒரு துளியும் கடலுக்குப் போகவில்லை.

வெளியே வந்து கரையைப் பார்த்தாள். காற்று அந்த வாசத்தோடு கடலிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.