மேனேஜர் கொடுத்த கடிகாரம்

கம்பெனியில் என் வேலையே சந்தேகப்படுவதுதான். ஓசூரில் முலாம் பூசிய பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். பளபளப்பு ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்திருந்தால் சிவப்புக் கூடையில் போட்டுவிடுவேன். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓய்வதில்லை.

என் வீட்டுக்காரர் யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவர். பிரான்சிலிருந்து வந்திருந்த ஒரு மேனேஜருக்குப் பல வருடம் கார் ஓட்டினார். ஊருக்குத் திரும்பும்போது அந்த மனிதர் தன் மேஜைக் கடிகாரத்தை இவரிடம் கொடுத்து, வெண்கலத்தின் மேல் தங்கம் பூசிய பழங்காலத்துப் பொருள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளை முகப்பில் ரோமன் எண்கள். மேலே சாய்ந்து படுத்த ஒரு பெண், அவள் காலடியில் இறக்கை முளைத்த குழந்தை, கீழே சுற்றிலும் இலைமாலை, ஆட்டுத்தலைகள். அழகுதான். ஆனால் டிரைவருக்கு யார் தங்கம் கொடுப்பார்கள்? சிலைப் பெண்ணின் முகம் மின்னியது, சேலை மாதிரி விழுந்த துணி மங்கிக் கிடந்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெறும் உலோகம்.

"இது எங்க கம்பெனிக்கு வந்தா ரிஜெக்ட்டுங்க. உங்க தலையில கட்டிட்டுப் போய்ட்டாரு" என்றேன். ஒரு நாள் இல்லை, தினமும் சொன்னேன்.

"அவரு அப்படிப்பட்ட மனுஷன் இல்ல. என்னைத் தம்பி மாதிரி வெச்சிருந்தாரு" என்பார்.

ஆயுத பூஜை வந்தது. காரைக் கழுவி முடித்தவர், நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் கடிகாரத்தையும் கொல்லைக்குத் தூக்கிப்போய், புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்தேய் என்று தேய்த்திருக்கிறார். குத்துவிளக்குக்குச் செய்கிற மரியாதை அது. நான் வந்தபோது அந்தப் பெண்ணின் மூக்கும் முழங்காலும் விளக்கைப் போலவே மஞ்சளாகப் பல்லிளித்தன.

"நீ சொன்னதுதான் நெசம். பித்தளை. ஏமாத்திட்டாரு" என்றார்.

பொட்டு வைக்காமலே கடிகாரத்தைப் பரணில் ஏற்றினார். அதற்குப் பிறகு மேனேஜர் பேச்சையே எடுக்கவில்லை. ஜெயித்தது நான்தான்.

ஆனாலும் மனசு கேட்காமல் கடிகாரத்தை இறக்கிப் பையில் போட்டுக்கொண்டு, பாகலூர் ரோட்டில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். பெங்களூர் பங்களாக்களில் வாங்கி விற்கிறவர். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அசல் தங்கப் பூச்சுதான்க்கா இது. முகம் மின்னணும், துணி மங்கலா இருக்கணும், அதான் அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரங்க வேலப்பாடு. பின்னாடி யாரு பாக்கப் போறாங்கன்னு பூசாம விட்ருவாங்க. பூச்சு ரொம்ப மெல்லிசு. எந்தப் புண்ணியவான் இதைத் தேச்சது?"

குழந்தையின் இறக்கைக்கு அடியில், நார் எட்டாத இடத்தில், நகத்தளவு தங்கம் அப்படியே இருந்தது.

ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். "உங்க சார் பொய் சொல்லலைங்க. பழைய சாமான் கடை பாயே பாத்துட்டுச் சொன்னாரு. பாருங்க" என்று கடிகாரத்தைச் சாய்த்து இறக்கையின் அடிப்பக்கத்தைக் காட்டினேன்.

வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, சிவப்புக் கூடையில் போடும் முன் நான் பாகங்களைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு, பாய்கிட்ட சொல்லிப் பூசி எடுத்துட்டு வந்தியா?"