இருட்டறையில் இருபது துளிகள்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. நான் இயற்பியல் படிக்கிறவள். ஆதாரம் இல்லாமல் யாராவது பேசினால் மூஞ்சிக்கு நேரே கேட்டுவிடுவேன். ஆனால் இது எனக்கே நடந்தது. போன வருடம், மூன்றாம் ஆண்டில், ஒரு வியாழக்கிழமை. அதுவும் பட்டப்பகலில்.

என் லேப் பார்ட்னர் ஜைனப். ஈசூன் வட்டாரத்துப் பிள்ளை. வாய் ஓயாமல் பேசுவாள். எழுதும்போதுதான் எண்களை மாற்றிப் போட்டுவிடுவாள். அப்படி ஒரு தப்பால் எங்கள் ரிப்போர்ட் திரும்பி வந்தது. புதன்கிழமை தேக்கா சந்தையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கத்திவிட்டேன்.

"உன்னோட சேர்ந்து நானும் நாசமாப் போகணுமா? நான் வேற பார்ட்னர் கேட்கப் போறேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏற்கெனவே ஒரு பேப்பர் போச்சு, சுஷ்மி. இதுவும் ஃபெயில்னா என்னை வெளியவே அனுப்பிடுவாங்க. நாளைக்கு ஒரு தடவை பாருலா. கரெக்டா எழுதறேன்."

எழுந்து வந்துவிட்டேன். என் நாக்கில் சனி.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு லேப். எண்ணெய்த் துளிகளை இரண்டு மின்தகடுகளுக்கு நடுவே தெளித்து, அவை விழும் நேரத்தை அளக்கும் பரிசோதனை. இருட்டறையில்தான் செய்ய வேண்டும். கைப்பேசிகள் வெளியே லாக்கரில். ஒருவர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து "ஸ்டார்ட்", "ஸ்டாப்" என்பார். மற்றவர் பின்னால் உட்கார்ந்து, மங்கலான சிவப்பு விளக்கில் நேரத்தைப் பிடித்து எழுதுவார். கண்ணை எடுத்தால் துளி தொலைந்துபோகும். அதனால் நடுவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம்.

அவளைக் காணோம். கோபத்தில் வரமாட்டாள் என்று நினைத்து, தனியாகவே முதல் துளியைப் பிடித்தேன்.

மணி 2:20. பின்னால் ஸ்டூல் நகர்ந்தது.

கதவு திறந்தால் வெளிச்சம் வருமே... வரவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"லேட்டு," என்றேன், திரும்பாமல். "ஸ்டார்ட்."

டிக்.

"ஸ்டாப்."

டிக். பென்சில் உரசும் சத்தம்.

3:10. ஏழு துளிகள் முடிந்தன. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜைனப்பாவது, பேசாமல் இருப்பதாவது! சரி, கோபம் என்று விட்டுவிட்டேன்.

3:40. மருந்து வாடை. ஆஸ்பத்திரி வாடை.

பீப்... பீப்... எங்கள் கருவி எதுவும் அப்படிச் சத்தம் போடாது.

அதோடு மூச்சு. உஸ்ஸ்... உஸ்ஸ்... ஒரே அளவாக. மனிதர்கள் அப்படி மூச்சு விடுவதில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. நேற்று பேசியதற்குச் சமாதானமாக அவள் கையைப் பிடிக்கலாம் என்று, கண்ணை எடுக்காமலே கையைப் பின்னால் நீட்டினேன்.

சில்லென்று இருந்தது.

புறங்கையில் பிளாஸ்திரி. அதன் கீழே... மெல்லிய குழாய்.

"என்னடி இது?"



இருபதாவது துளி முடிந்தது.

அப்போதுதான் பேசினாள். தொண்டையில் ஏதோ அடைத்த குரல்.

"சுஷ்மி... இன்னும் ஒண்ணு..."

"போதும், ஜைனப். போதும்!"

பென்சில் நின்றது.

விளக்கைப் போட்டேன்.

மணி 4:52. ஸ்டூலில் யாரும் இல்லை.

நோட்டில் இருபது எண்கள். அவளுடைய சாய்ந்த கையெழுத்து. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில்கூடத் தப்பில்லை.

லேப் பொறுப்பாளர் முத்துராமன் அங்கிள் வெளியே மேசையில் இருந்தார். "என்னம்மா, ஒருத்தியாவே முடிச்சிட்டியா? உன் பார்ட்னர் வரவே இல்லையே."

லாக்கரைத் திறந்து கைப்பேசியை எடுத்தேன். ஜைனப் வீட்டிலிருந்து பதினோரு அழைப்புகள், எல்லாம் நான் உள்ளே போன பிறகு வந்தவை. காலை 7:45க்கு, எம்ஆர்டி ரயிலுக்குப் போக ரோட்டைக் கடந்தபோது லாரி மோதியிருக்கிறது. நான் திரும்ப அழைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மூன்றாம் நாள் ஈசூனுக்குப் போனேன். அவளுடைய உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"காலையிலேருந்து புள்ளைக்கு நெனவே இல்லம்மா. மெஷின்தான் மூச்சு விட்டுச்சு. ஆனா ரெண்டு இருபதுக்கு வலது கை விரல் மட்டும் அசைய ஆரம்பிச்சுச்சு. எழுதற மாதிரியே. நர்ஸ் நரம்புத் துடிப்புன்னாங்க. எம் புள்ள எழுதறது எனக்குத் தெரியாதா? எழுதற வரைக்கும் போயிட மாட்டான்னு ஒரு நம்பிக்கை. நிறுத்தாதே ராசாத்தி, எழுது எழுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"எப்ப... நின்னுச்சு ஆன்ட்டி?"

"அஞ்சாக எட்டு நிமிஷம். விரல் நின்னுச்சு. அதோட நெஞ்சும் நின்னுடுச்சு."

அவரிடம் நான் இன்றுவரை எதுவும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்றுதான் கேட்டாள். நான்தான் போதும் என்றேன்.