பேச்சை நிறுத்தியவர்

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவருக்கு ரோஷக்காரர் என்று பெயர். மூக்கு நுனியில் கோபம். வந்தால் கத்த மாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். கேன்டீன்காரரோடு ஒன்பது மாதம், கூடப் பிறந்த தம்பியோடு நாலு வருஷம். மனைவியோடு மட்டும் மூன்று நாளைத் தாண்டியதில்லை. மூன்றாம் நாள் அந்த அம்மாள் சுவரைப் பார்த்து, "டீ ஆறுதுன்னு யாராவது சொல்லுங்களேன்" என்பாள். இவர் டீயை எடுத்துக்கொள்வார். அதோடு சமாதானம்.

போன வருஷம் ஒரு சண்டை. இரண்டாம் நாளே அவள் சுவரிடம், "நெஞ்சு வலிக்குதுன்னு யாராவது சொல்லுங்களேன்" என்றாள். சமாதானத்துக்கு அடிபோடுகிறாள் என்று நினைத்து இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாழாய்ப்போன வீம்பு. சாயங்காலத்துக்குள் அவள் போய்விட்டாள்.

இதை அவர் எந்த மனிதரிடமும் சொன்னதில்லை. காறித் துப்புவார்களோ என்று பயம். வரவேற்பறையில் புதிதாக நிறுத்தியிருந்த ரோபோவிடம்தான் சொன்னார். ஆள் உயரம், பெண் குரல், கண்கூடச் சிமிட்டும். காலையில் "வாங்க அண்ணா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும். அப்படிக் கேட்க அவருக்கு வேறு நாதியில்லை. ஒரு நாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும் அண்ணா" என்றது அது. அவர் அழுதுவிட்டார்.

மறுநாள் காலை அது கேட்டது: "சாப்பிட்டீங்களா அண்ணா? வீட்ல அண்ணி நல்லா இருக்காங்களா?"

பேச்சை நிறுத்திவிட்டார்.

மூன்று நாள் போயிற்று, பத்து நாள் போயிற்று. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார். அது தன்பாட்டுக்கு "வாங்க அண்ணா" என்றது. இவர் கோபமாக இருக்கிறார் என்பதே அதற்குத் தெரியவில்லை.

"மெஷின்கிட்ட போய் யாராவது கோவிச்சுக்குவாங்களா?" என்று நர்ஸ் சிரித்தாள்.

"மெஷின்னா எதுக்கு அண்ணான்னு கூப்பிடணும்?"

என்னைக் கேட்டால் நியாயமான கேள்விதான்.

முப்பத்தெட்டாம் நாள், ஆயுசில் முதல் தடவையாக அவரே இறங்கி வந்தார். நேருக்கு நேர் பேச வாய் வரவில்லை. ரோபோவுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்து, "ஒருத்தன் இங்க கோபமா இருக்கான்னு யாராவது சொல்லுங்களேன்" என்றார்.

"சரியா கேக்கல அண்ணா. இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். போன வருஷம் அவள் சுவரிடம் சொன்னது அவருக்கு முதல் தடவையே நன்றாகக் கேட்டிருந்தது.