முழங்காலுக்குக் கீழே ஒரு டியூப் ரப்பர்

தொழிற்சாலையில் நர்ஸ் வேலை என்றால் கட்டுப் போடுவது என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். பாதி நாள் கட்டை அவிழ்ப்பதில்தான் போனது. எண்பதுகளில் ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. அதன் முதலுதவி அறையில் ஒரு கட்டில், ஒரு அலமாரி, நான். நாள் முழுக்க நின்று சம்பாதிக்கிற கண்டக்டர், வாத்தியார், ஜவுளிக்கடைக்காரர் எல்லாரும் என் கட்சிதான். இதைப் படிக்கும்போதாவது உட்கார்ந்து கொள்ளுங்கள்.

ரப்பர்

பிரஸ் மெஷின் முன்னால் ஷிப்ட் முழுக்க இடம்விட்டு நகராமல் நிற்க வேண்டும். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். யார் ஆரம்பித்து வைத்த புண்ணியமோ, புதிதாகச் சேருகிறவருக்கு அடையாள அட்டை வருவதற்குள் ரப்பர் வந்துவிடும்.

ஒருநாள் முனிராஜைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். கெலவரப்பள்ளிப் பக்கத்து ஆள், தற்காலிகத் தொழிலாளி. பேன்ட்டைச் சுருட்டிப் பார்த்தால், ரப்பருக்குக் கீழே கால் வீங்கி, நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக் கிடந்தது. இதயம் தள்ளுகிற வேகத்தில் ரத்தம் கால்வரை இறங்கிவிடும், மேலே திரும்பி வர கெண்டைக்கால் சதைதான் பிழிந்து அனுப்ப வேண்டும், நடந்தால் பிழியும், அசையாமல் நின்றால் தேங்கும், ரப்பரையும் கட்டினால் வருகிற கொஞ்சமும் வழியிலேயே நின்றுவிடும் என்று சொன்னேன். இதை அதற்கு முன்னால் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, எனக்கே அலுத்துவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவுத்தா கால் கனக்குது சிஸ்டர். கட்டிக்கிட்டா கால் இருக்கறதே தெரியல. இல்லாத கால் எப்படி வலிக்கும்?"

பீடி

அடுத்த மாதம் முனிராஜின் கணுக்காலுக்கு மேல் புண் வந்துவிட்டது. சாக்ஸுக்குள் மறைத்து வைத்திருந்தார். காரணம் இருந்தது. அவர் வீட்டில் மற்ற எல்லாரும் ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக் கூடை தூக்குகிறவர்கள். கம்பெனிக்குள் வந்தது இவர் ஒருவர்தான். நிரந்தரம் ஆகிறவர்களின் பெயர் வெளிவரும் சமயம். டாக்டர் தகுதியில்லை என்று எழுதிவிட்டால் திரும்பக் கூடைதான்.

ஸ்டோர்ஸில் இருந்த பாஷா பாய்தான், வாரம் ஒருமுறை வரும் கம்பெனி டாக்டரிடம் அவரை இழுத்து வந்தார். உள்ளே வரும்போதே இரண்டு பேர் மேலும் பீடி வாடை. பிரஷர் எகிறிக் கிடந்தது, பாதம் சில்லென்று இருந்தது. புகை பிடித்தால் ரத்தக் குழாய் சுருங்கும், புண்ணுக்குப் போக வேண்டிய ரத்தம் போகாது, புண் எப்படி ஆறும் என்று கத்தினேன். முனிராஜ் தலையைக் குனிந்துகொண்டார். பாய்தான் பதில் சொன்னார்.

"டாக்டரப் பாக்கப் பயமா இருந்துச்சும்மா. பயம் போகட்டும்னுதான் ஆளுக்கு ஒண்ணு இழுத்தோம்."

ஸ்டூல்

டாக்டர் நல்ல மனிதர். தகுதியில்லை என்று எழுதவில்லை. இடையிடையே உட்கார விட வேண்டும் என்று சூப்பர்வைசருக்கு ஒரு சீட்டு எழுதினார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். சூப்பர்வைசர் கர்நாடக எல்லையைத் தாண்டி ஆனேக்கல்லிலிருந்து வருகிறவர். கெட்டவர் இல்லை. சீட்டைப் படித்தார், மடித்தார், சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"உக்காந்தா கை மெல்ல ஓடும் சிஸ்டர். இவனுக்கு ஒரு ஸ்டூல் போட்டா, நாளைக்கு லைன் முழுக்கக் கேப்பாங்க."

கட்டு

ஸ்டூல்தான் கிடையாது, டிரெஸ்ஸிங் செய்யக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாதல்லவா? டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் முனிராஜைக் கட்டிலில் படுக்க வைத்து, இரண்டு கம்பளியை மடித்துக் காலை உயர்த்தி வைத்தேன். புண்ணைச் சுத்தம் செய்து, விரல் பக்கமிருந்து முழங்கால் வரை கிரேப் பேண்டேஜ் சுற்றினேன். கீழே அழுத்தமாக, மேலே போகப் போகத் தளர்வாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் ரத்தம் மேலே ஏறும். முனிராஜ் படுத்தபடியே வேடிக்கை பார்த்தார்.

"நாங்க கட்டுனா தப்பு, நீங்க கட்டுனா வைத்தியமா சிஸ்டர்?"

வரிசை

புண் மெல்ல மெல்லச் சுருங்கி, தோல் மூடியது. நிரந்தரம் ஆனவர்களில் முனிராஜ் பெயரும் இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. அடுத்த நாளிலிருந்து டீ நேரமானால் என் அறை வாசலில் பிரஸ் ஷாப்பே நிற்கும். எல்லாருக்கும் காலில் ஏதோ ஒன்று. கட்டில் போதாமல் தரையில் படுத்துச் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் வந்தார். அவரைக் கண்டதும் அத்தனை பேரும் எழுந்து ஓடிவிட்டார்கள். சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் காலியான கட்டிலைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். பேன்ட்டை மேலே இழுத்தால், அங்கேயும் டியூப் ரப்பர். ரொம்ப அலுத்துப்போனால் அவருக்குக் கன்னடம்தான் வரும்.

"சாக்காயித்து சிஸ்டர், போதும் போதும்னு ஆயிடுச்சு. எனக்கும் உக்கார ஸ்டூல் யாரும் போடல. அந்தக் கம்பளிய இப்படித் தள்ளுங்க."

ரத்தம் காலுக்கு இறங்க இதயம் போதும், அது மேலே திரும்பி வர மேலதிகாரிக்கும் கால் வலிக்க வேண்டும் என்பதுதான் அந்த அறையில் நான் படித்துத் தேறிய ஒரே மருத்துவம்.